108 மெகாபிக்சல் இருந்தும் முகம் ஏன் கலங்குகிறது? கேமராவுக்காகக் கைபேசி வாங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

சென்ற வைகாசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் அக்காள் மகளுக்குக் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் குழந்தை என் மடியில் இருந்ததால், என் கைபேசியைத் தம்பியிடம் கொடுத்திருந்தேன். அது வாங்கி ஐந்தாண்டுகள் ஆன, 12 மெகாபிக்சல் கேமரா உள்ள கைபேசி. வாங்கிய காலத்தில் விலை கூடிய வகையைச் சேர்ந்தது. அவனுக்குப் பக்கத்தில் சித்தப்பா, முந்தின வாரம்தான் வாங்கியிருந்த 108 மெகாபிக்சல் கைபேசியோடு நின்றிருந்தார். தகரக் கூரை போட்ட முன்மண்டபத்தில் வெளிச்சம் என்று சொல்ல ஒரே ஒரு குழல்விளக்குத்தான் இருந்தது. ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுவந்ததும் குழந்தை தலையை வெடுக்கென்று திருப்பிக் கத்தியது. இருவரும் அந்த நொடியைப் பிடித்துவிட்டார்கள். தம்பி எடுத்த படத்தில் கன்னத்துக் கண்ணீரும் நெற்றிச் சந்தனமும் தெரிந்தன. சித்தப்பா எடுத்த படத்திலோ, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்டதுபோல ஒரு தீற்றல்தான் இருந்தது.

சித்தப்பா கடைக்காரரைத் திட்டத் தொடங்கினார். நான் இரண்டு படங்களின் விவரப் பகுதியையும் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட விதத்தைக் கைபேசி தானே எழுதி வைத்துக்கொள்கிறது. படத்தொகுப்பில் படத்தை மேல்நோக்கி இழுத்தாலோ 'விவரம்' என்பதைத் தொட்டாலோ அது தெரியும். தம்பி எடுத்த படத்துக்கு 1/60 நொடி; சித்தப்பா எடுத்த படத்துக்கு 1/17 நொடி. ஒளியை உள்ளே விடக் கேமராவின் கதவு (ஷட்டர்) திறந்திருந்த நேரம் அது. இந்த ஒரு வேறுபாட்டை நன்றாக விளங்கிக்கொண்டால், கடையில் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் எவை நமக்கு வேண்டியவை, எவை வெறும் அலங்காரம் என்பதைப் பெருமளவு நாமே பிரித்தறிந்துவிடலாம்.

ஒளியும் நேரமும்

கேமரா செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: எதிரே உள்ள பொருளிலிருந்து வரும் ஒளியைச் சிறிது நேரம் சேகரிப்பது. லென்ஸ் வழியே உள்ளே வரும் ஒளி, சென்சார் என்னும் ஒளியுணர் தகட்டின்மேல் விழுகிறது. அந்தத் தகடு இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை ஓர் எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்களை அடுக்கி வைத்ததுதான் படம்.

பகல் வெயிலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்து மூடினாலே கட்டங்கள் நிரம்பிவிடும். அதனால்தான் வெயிலில் எடுக்கும்போது எல்லாக் கைபேசிகளும் ஏறக்குறைய நல்ல படமே தருகின்றன. விளம்பரத்துக்குக் காட்டப்படும் மாதிரிப் படங்களில் பெரும்பாலானவை கடற்கரையும் மலையும் பூவுமாக இருப்பதும் அதனால்தான். மாலை ஆறு மணிக்குமேல் வீட்டு முற்றத்தில் நின்று எடுக்கும்போதுதான் கேமராவின் தரம் வெளிப்படுகிறது. ஒளி குறைந்த இடத்தில் கைபேசிக்கு இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, கதவை அதிக நேரம் திறந்து வைத்திருக்கலாம். அப்போது அசைகிற எதுவும் தீற்றலாகிவிடும். மற்றொன்று, கிடைத்த சிறிதளவு ஒளியையே பெருக்கிக் காட்டலாம். அப்போது படம் முழுவதும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும்.

இந்தப் புள்ளிகள் ஏன் வருகின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒளி, ஃபோட்டான் என்னும் தனித்தனித் துகள்களாக வருகிறது. அது மழைத்துளிபோல இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் விழும், சீராக விழாது. ஒரு கட்டத்தில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழும் இடத்தில், ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு இருக்கும்; அதாவது பத்துச் சதவீதம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது ஒரு சதவீதம் மட்டுமே. ஒரே நிறமுள்ள சுவர் ஒளி குறைந்த படத்தில் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கு முதன்மையான காரணம் இந்த இயற்கை விதிதான். எந்த நிறுவனமும் இதை மாற்ற முடியாது; அதிக ஒளியைச் சேகரிக்கும் வழியைத்தான் தேட முடியும். ஆகவே, எந்த எண்ணை யார் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கேமராவுக்குள் கூடுதல் ஒளியைக் கொண்டுவருகிறதா, இல்லையா?

மெகாபிக்சல் என்பது இலைக் கணக்கு

மெகாபிக்சல் என்றால் பத்து இலட்சம் கட்டங்கள். 12 மெகாபிக்சல் படம் என்பது அகலத்தில் 4000, உயரத்தில் 3000 கட்டங்கள் கொண்டது. இது ஒளியின் அளவைச் சொல்வதில்லை. ஒளியை எத்தனை பேருக்குப் பங்கிடுகிறோம் என்பதை மட்டுமே சொல்கிறது. கல்யாணப் பந்தியில் 12 இலை போடும் இடத்தில் 50 இலை போட்டால், சமைத்த சோறு கூடிவிடாது, இலைதான் சிறுத்துப்போகும். அதே அளவுள்ள சென்சாரில் கட்டங்களைக் கூட்டுவதும் அப்படியே.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். எனவேதான் இன்றைய 50 மெகாபிக்சல் கேமராக்கள், நாம் வேறு அமைப்பைத் தேர்ந்தெடுக்காத வரையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் நான்கை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. 108 மெகாபிக்சல் கேமரா ஒன்பது கட்டங்களைச் சேர்த்து 12 ஆக்குகிறது. 200 மெகாபிக்சல் கேமரா பதினாறைச் சேர்த்து 12.5 ஆக்குகிறது. இலைகளை வரிசையாகப் போட்டுவிட்டு, பிறகு மீண்டும் ஒட்டித் தைப்பதைப் போன்றது இது. இதனால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன்: நல்ல வெளிச்சத்தில் முழு 50 மெகாபிக்சலையும் பயன்படுத்தி நுணுக்கமான படம் எடுக்கலாம், நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு மடங்கு அருகில் காட்டலாம். ஆனால் சித்தப்பா நினைத்ததுபோல 108 என்பது 12-ஐவிட ஒன்பது மடங்கு நல்ல படம் ஆகாது.

எவ்வளவு மெகாபிக்சல் போதும் என்று கேட்டால், பார்க்கும் இடத்தை வைத்துச் சொல்லலாம். ஏ4 தாள் முழுவதும் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 8.7 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சித் திரையில் மொத்தம் இருப்பதே 8.3 மெகாபிக்சல்தான். ஆல்பத்தில் ஒட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று அதிகமாக இருந்தாலே போதுமானது. ஆப்பிள் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஐபோன் 6எஸ் தொடங்கி 2021-இல் வந்த ஐபோன் 13 வரையிலும், கூகுள் நிறுவனம் 2016-இன் முதல் பிக்சல் கைபேசியிலிருந்து 2020-இன் பிக்சல் 5 வரையிலும், முதன்மைக் கேமராவை 12 மெகாபிக்சல் அளவிலேயே வைத்திருந்தன. அந்த ஆண்டுகளில் இந்த இரண்டு வரிசைகளும் கேமராவுக்காகவே பெயர் பெற்றிருந்தன என்பதை நினைவில் கொள்வது நல்லது.

மெகாபிக்சல் போட்டிக்கு நியாயமான தொடக்கம் ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஷார்ப் நிறுவனத்தின் கேமரா கைபேசியில் இருந்த மொத்தக் கட்டங்கள் 1,10,000 மட்டுமே; அதாவது 0.11 மெகாபிக்சல். அந்நிலையிலிருந்து ஒன்று, இரண்டு, ஐந்து என்று எண் கூடியபோது படமும் உண்மையாகவே மேம்பட்டது. நமக்கு அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சென்சாரின் பரப்பு

மெகாபிக்சலுக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. இதைப் பெட்டியில் பெரிதாக அச்சிடமாட்டார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தொழில்நுட்ப விவரங்களுக்குள் 1/1.56 அங்குலம், 1/2.76 அங்குலம் என்று பின்னமாகக் கொடுத்திருப்பார்கள். பின்னம் என்பதால் கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால்தான் சென்சார் பெரிது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த அங்குலக் கணக்கே ஒரு விநோதம். 1 அங்குலச் சென்சார் என்று சொல்லப்படுவதை அளவுகோல் வைத்து அளந்தால் 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும்தான் இருக்கும். மூலைவிட்டம் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஒரு அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் சென்சாருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் இருந்த காலத்தில், அந்தக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளவைக் குறித்தார்கள். குழாய் போய்விட்டது, கணக்கு மட்டும் நின்றுவிட்டது. எனவே இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டால் தெரிவது வியப்பளிக்கும். இரண்டு கைபேசிகளின் பெட்டியிலும் '50 மெகாபிக்சல்' என்றே எழுதியிருக்கலாம். ஒன்றில் 0.64 மைக்ரான் அகலமுள்ள கட்டங்கள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சென்சாரின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மில்லிமீட்டர். மற்றொன்றில் 1.2 மைக்ரான் கட்டங்கள். பரப்பு ஏறக்குறைய 72 சதுர மில்லிமீட்டர். மழைக்கு முற்றத்தில் வைத்த சொம்புக்கும் அண்டாவுக்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டாவது கைபேசி அதே நேரத்தில் மூன்றரை மடங்கு ஒளியைச் சேகரிக்கும். அல்லது அதே ஒளியை மூன்றரையில் ஒரு பங்கு நேரத்தில் சேகரித்துக் கதவை மூடிவிடும். குழந்தை தலையைத் திருப்பும் நேரத்தில் இந்த இரண்டாவது வசதி எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லென்ஸின் துளை அளவும் ஒளியைப் பொறுத்ததுதான். அதை எஃப்/1.8, எஃப்/2.4 என்று குறிப்பார்கள். லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது இந்த எண் என்பதால், எண் குறையக் குறையத் துளை பெரிதாகிறது. எஃப்/2.4-ஐவிட எஃப்/1.8 ஏறக்குறைய 1.8 மடங்கு ஒளியை உள்ளே விடும். முதன்மைக் கேமராக்கள் பெரும்பாலும் 1.6-க்கும் 1.9-க்கும் இடையிலேயே இருப்பதால், இந்த எண்ணுக்காக ஒரு கைபேசியை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டியதில்லை.

கை நடுக்கம் வேறு, குழந்தையின் அசைவு வேறு

ஓஐஎஸ் என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் வசதி இப்போது நடுத்தர விலைக் கைபேசிகளிலும் வந்துவிட்டது. கை எந்தப் பக்கம் அசைகிறது என்பதைக் கைபேசிக்குள் உள்ள ஜைரோஸ்கோப் உணர்ந்து சொல்ல, லென்ஸோ சென்சாரோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே நகர்ந்து அசைவைச் சமன் செய்கிறது. நம் கையில் நடுக்கம் இருப்பது நமக்கே தெரியாது. ஆனால் 1/10 நொடி கதவு திறந்திருந்தால் படத்தில் அது தெரிந்துவிடும். ஆகவே ஓஐஎஸ் இருப்பது நல்லது. இரவில் கோபுரத்தையோ கொலுவையோ எடுப்பவருக்கு மிகவும் நல்லது. ஒரே விலையில் இரண்டு கைபேசிகள் இருந்து, ஒன்றில் மட்டும் ஓஐஎஸ் இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன்.

ஆனால் கடையில் யாரும் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது: கை நடுக்கத்தைத்தான் அது சமாளிக்கும், எதிரே இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கையை வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய வேகமல்ல. கதவு 1/30 நொடி திறந்திருந்தால் அந்த நேரத்தில் கை மூன்று சென்டிமீட்டருக்குமேல் நகர்ந்துவிடும். ஐந்து விரலும் ஒரு விசிறியாகத் தெரியும். 1/125 நொடியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். சித்தப்பாவின் கைபேசி 1/17 நொடியைத் தேர்ந்தெடுத்ததுதான் அன்றைய தவறு. அதன் சென்சார் என்னுடையதைவிடச் சிறியதல்ல; எதிரே முகம் வேகமாக அசைகிறது என்பதை உணர்ந்து, புள்ளிகள் வந்தாலும் பரவாயில்லை என்று கதவைச் சீக்கிரம் மூடும் அறிவு அதன் மென்பொருளுக்கு இல்லை.

மென்பொருளின் பங்கு

இங்கேதான் விலை கூடிய கைபேசிகளுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள உண்மையான இடைவெளி இருக்கிறது. நாம் ஒருமுறை பொத்தானை அழுத்தும்போது, இன்றைய கைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அசைந்த பகுதிகளை விலக்கி, மீதியைச் சேர்த்து ஒரே படமாகத் தருகிறது. கூகுள் தன் நெக்சஸ் கைபேசிகளில் எச்டிஆர் பிளஸ் என்ற பெயரில் இம்முறையைக் கொண்டுவந்தது. 2018 நவம்பரில் அதன் தொடர்ச்சியாக 'நைட் சைட்' என்ற இரவுப் பட வசதியைப் பிக்சல் கைபேசிகளுக்குத் தந்தது. மற்ற நிறுவனங்களும் தத்தம் பெயர்களில் இத்தகைய வசதிகளை வைத்திருக்கின்றன. பத்துப் படங்களைச் சேர்ப்பது என்றால் பத்து மடங்கு ஒளியைச் சேகரிப்பதற்கு ஒப்பானது. சிறிய சென்சாரின் குறையை ஓரளவு இது ஈடுகட்டுகிறது. எனினும் பொருத்தும் வேலை சரியாக நடக்காவிட்டால், நடந்து செல்பவருக்கு மூன்று கால் முளைத்திருக்கும்.

மென்பொருளின் தரத்தை அறிய எந்த எண்ணும் கிடையாது. 'ஏஐ கேமரா' என்று பெட்டியில் போட்டிருப்பது எதையும் சொல்லவில்லை. இதற்குக் கல்யாண மண்டபத்தைவிடக் கடுமையான சோதனைச்சாலை இல்லை என்பது என் கருத்து. மாப்பிள்ளையின் முகம் மாநிறம், வேட்டி சட்டை பளீரென்ற வெள்ளை, பெண்ணின் பட்டில் சரிகை, பின்னால் மேடையலங்காரத்தின் விளக்குகள் நேராகக் கேமராவைப் பார்த்து எரிகின்றன. வெள்ளைச் சட்டையின் மடிப்புத் தெரியும்படி எடுத்தால் முகம் இருண்டுபோகும். முகம் தெரியும்படி எடுத்தால் சட்டை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். நல்ல மென்பொருள் உள்ள கைபேசி இரண்டையும் காப்பாற்றும். சுமாரானது முகத்தைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் போட்டுவைக்கும்.

முகத்தின் நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. படச்சுருள் காலத்தில், கோடாக் நிறுவனத்தின் வண்ண அச்சைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்களின் படங்களே இருந்தன. 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அந்த நிறத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட அச்சில் கறுப்பு நிறத்தவரின் முகம் அடையாளமின்றிப் போனது. எண்ணியல் கேமராக்களிலும் இந்தச் சாய்வு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2021-இல் பிக்சல் 6 வந்தபோது, 'ரியல் டோன்' என்ற பெயரில் பலவகைத் தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டும் முயற்சியைக் கூகுள் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. நம் சந்தையில் விற்கும் பல கைபேசிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'பியூட்டி' என்னும் அழகூட்டும் வசதி, நாம் கேட்காமலேயே முன்பக்கக் கேமராவில் இயங்கிக்கொண்டிருக்கும். கறுத்த முகத்தை வெளுக்கவைத்து, தோலின் சுருக்கத்தையும் மச்சத்தையும் அழித்து, பொம்மைக்குப் பூசியதுபோல ஆக்கிவிடும். வாங்கும் முன் அதை முழுவதும் அணைக்க முடிகிறதா, அணைத்த பிறகும் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யார் மிகவும் கறுப்போ அவரையே கடைக்குக் கூட்டிச் செல்வது நல்லது. ஆயிரம் விமர்சனக் காணொளிகள் சொல்லாததை அந்த ஒரு முகம் சொல்லிவிடும்.

பின்னால் எத்தனை கண்கள்

மூன்று, நான்கு லென்ஸ்கள் இருந்தால் சிறந்த கைபேசி என்பதும் தவறான எண்ணமே. முதன்மைக் கேமரா ஒன்று எப்போதும் இருக்கும். அதனோடு அகன்ற கோணக் கேமரா இருந்தால், சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கலாம். ஆனால் 8 மெகாபிக்சலும் கால் அங்குலச் சென்சாரும் கொண்ட அகன்ற கோணக் கேமராவின் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டர்தான் என்பதால், பகலில் மட்டும் அதை நம்பலாம். இவற்றுக்கு மேல் மிக அருகிலுள்ள சிறு பொருளை எடுக்க 2 மெகாபிக்சல் 'மேக்ரோ', தூரத்தை அறிய 2 மெகாபிக்சல் 'டெப்த்' என்று ஏதேனும் இருந்தால், அவை எண்ணிக்கைக்காக வைக்கப்பட்டவை என்று கொள்க. அந்த 2 மெகாபிக்சல் கேமராவால் எறும்பைப் படம் எடுத்துப் பார்த்தேன். எறும்பு என்று நான் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் அப்படியல்ல; அது உண்மையிலேயே பயன்படுவது. பள்ளி ஆண்டுவிழாவில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் மகளைப் படம் எடுக்க வேண்டும் என்றால் 2 மடங்கு, 3 மடங்கு, 5 மடங்கு என்று லென்ஸாலேயே அருகில் கொண்டுவரும் ஆப்டிகல் ஜூம் தேவை. 'நூறு மடங்கு ஜூம்' என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கி மென்பொருளால் மெருகேற்றுவது. மனிதர்களை எடுப்பவருக்கும் டெலிஃபோட்டோ உதவும். அகன்ற லென்ஸை முகத்துக்கு மிக அருகில் வைத்தால் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும், சற்று விலகி நின்று இரண்டு மூன்று மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் இயல்பாக இருக்கும்.

காணொளி எடுப்பவர்கள் 4கே இருக்கிறதா என்பதோடு நிற்காமல், 4கேயில் எடுக்கும்போதும் அசைவைச் சமன்செய்யும் வசதி இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலவற்றில் அது குறைந்த தெளிவில் எடுக்கும்போது மட்டுமே இயங்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுங்கல் காணொளியில் மேலிருந்து கீழே ஊரும் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும். அமைப்புகளில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடையில் செய்ய வேண்டியவை

காட்சிக்கு வைத்திருக்கும் கைபேசியைக் கையில் எடுத்ததும், கடை விளக்குகளின் வெள்ளத்தில் மேசைமேலுள்ள பூச்சாடியைப் படம் எடுத்துவிட்டு 'அருமை' என்று சொல்வதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக, மேசைக்கு அடியில் குனிந்து நிழலில் உள்ள காலணிகளை எடுங்கள். உடன் வந்தவரைக் கடை வாசலில், தெருவெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிறுத்தி எடுங்கள். முகமும் தெரிந்து வெளியே உள்ள கடைப் பலகையும் படிக்கக் கிடைத்தால் மென்பொருள் நல்லது. பிறகு அவரைக் கையை ஆட்டச் சொல்லி, கடையின் இருண்ட மூலையில் வைத்து ஐந்து படம் எடுங்கள். ஐந்தில் எத்தனை தெளிவாக வந்தன என்பதே கேள்வி. எடுத்த படத்தை விரல்களால் விரித்துப் பார்க்கும்போது தலைமுடி இழையிழையாகத் தெரிகிறதா, மெழுகுபோல் வழிந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். புள்ளிகளை அழிக்கும் ஆர்வத்தில் முடியையும் சேர்த்து அழித்துவிடும் கைபேசிகள் உண்டு.

பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவானதற்கும் இடையே உள்ள தாமதத்தை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. உங்கள் பழைய கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, புதியதால் அதைப் படம் எடுங்கள். எண் சரியாக 10.00 ஆகும்போது அழுத்துங்கள். படத்தில் 10.10 என்று இருந்தால் உங்கள் விரலின் தாமதம் என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப 10.50-க்கு மேலேயே வந்தால், அந்தக் கைபேசியால் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதும் குழந்தையை எடுக்க முடியாது. புகையைத்தான் எடுக்க முடியும்.

எடுத்த படங்களை அந்தக் கைபேசியின் திரையிலேயே பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்றைய திரைகள் நிறத்தைக் கூட்டிக் காட்டுவன. கத்தரிக்காயும் அதில் நீலமணிபோல் ஒளிரும். கடைக்காரரின் அனுமதியோடு படங்களை உங்கள் கைபேசிக்கு மாற்றிக்கொண்டு பாருங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுவிடும் என்பதால், 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்ப வேண்டும். கடையில் இதற்கெல்லாம் இடம் கொடுக்காவிட்டால், அதே கைபேசியை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவர் வீட்டில் இரவில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விலையைப் பற்றி என் கருத்து ஒன்று உண்டு. ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். கேமராவே முதல் தேவை என்றால், இந்த ஆண்டின் நடுத்தரக் கைபேசியைவிட, விலை இறங்கிய சென்ற ஆண்டின் உயர்தரக் கைபேசியே பெரும்பாலும் நல்ல தேர்வு. அதில் பெரிய சென்சாரும் தேர்ந்த மென்பொருளும் இருக்கும். இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் மேம்பாடு வரும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் போன வேகத்தில் பாட்டரி ஏறும் வசதி அதில் இல்லாமல் போகலாம்.

வாங்கிய அன்றே கடைக்காரர் கேமராவின்மேல் ஒரு கண்ணாடி வில்லையை ஒட்டித் தர முன்வருவார். பணிவாக மறுத்துவிடுங்கள். விலை மலிவான வில்லைகளில் விளக்கொளி எதிரொளித்து, இரவுப் படங்களில் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் ஒரு பேய் நிழலைச் சேர்த்துவிடும். கைபேசியைப் பைக்கின் கைப்பிடியில் மாட்டி வழிகாட்டப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: மோட்டார்சைக்கிள் எஞ்சினின் தொடர்ந்த அதிர்வு ஓஐஎஸ் அமைப்பையும் தானாகக் குவியும் அமைப்பையும் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அப்படி மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வைத் தாங்கும் பிடிப்பானை வாங்குங்கள். இல்லையேல் வீட்டில் கிடக்கும் பழைய கைபேசியை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படத்தில் எட்டுப் படம் பனிமூட்டமாக வருகிறது என்று சித்தப்பா மறு வாரம் கொண்டுவந்து நீட்டினார். கைபேசியைத் திருப்பிப் பார்த்தேன். லென்ஸின்மேல் வடை எண்ணெய் பெருவிரல் ரேகையோடு பதிந்திருந்தது. துண்டின் ஓரத்தால் துடைத்துக் கொடுத்தேன்.